படிவத்தில் ஒரு 'இல்லை'

குன்னூரில் அன்று அப்படியொரு மழை... ஸ்கேன் சென்டரின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நனைந்து நுழைந்த ஷாயிஸ்தாவை இரண்டு கண்கள் பார்த்தன. கரிய, ஆழமான கண்கள். ஆனால் அவை பார்த்தது அவள் முகத்தை அல்ல, கைப்பையை!

"ஏனுங்க, பைக்குள்ள எதையோ அமுக்குனீங்களே... என்னதுங்க?"

"கார் ரிமோட்டுங்க."

"சரிங்க, கார் எங்க நிக்குது?"

அவள் பையை இழுத்து அணைத்துக்கொண்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்ததைப் பார்த்திருப்பானோ?

"பஸ்ஸுக்கெல்லாம் ரிமோட் குடுக்கறாங்களா இப்ப?" அவன் கன்னத்தில் குழி விழுந்தது. சட்டையில் இலியாஸ் என்ற பெயர் அட்டை. எம்.ஆர்.ஐ. எடுப்பவன். அவள் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்த படிவத்தை மறுபடி படித்தான். 'உடம்புக்குள் கருவி ஏதேனும் பொருத்தியுள்ளதா?' அதற்கு எதிரே 'இல்லை' என்ற சொல் மட்டும் கோணலாக நடுங்கியிருந்தது.

இவன் ஏன் இப்படித் துருவுகிறான்?

வலது கை மரத்துப்போகிறதென்று கழுத்தை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஆனால் மூன்று வருடம் முன்பு ஜீப் கவிழ்ந்ததையும், வலியை அடக்க முதுகுத்தண்டு ஓரம் இரண்டு கம்பிகளும் இடுப்புக்குள் ரிமோட்டில் இயங்கும் ஒரு சின்னப் பெட்டியும் வைத்திருப்பதையும் யாரிடமும் சொல்லக்கூடாது என்பது அம்மா மரியம் பீவியின் கட்டளை. ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊரான ஜெகதளாவிலிருந்து பெண் பார்க்க வருகிறார்களே!

மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க அனுப்பிய ஆளோ இவன்...

"நீங்க எந்த ஊருங்க?"

"ஜெகதளா."

அவ்வளவுதான். பையை அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"நில்லுங்க! ரிமோட்ல ஆஃப் பண்ணிட்டா போதும்னு நெனச்சீங்களா? அந்த மாதிரி ரிமோட் நான் பாத்திருக்கேனுங்க. ஆஃப்ல இருந்தாலும் உள்ள இருக்கற கம்பி சூடாகலாம். நரம்பு வெந்துட்டா நடக்கவே முடியாது."

"எந்தக் கம்பி?"

"இடுப்புல இருந்து நீங்க கையையே எடுக்கலியே... கருவி வெச்சப்ப ஒரு கார்டு குடுத்திருப்பாங்க, கொண்டாங்க. சில மாடலுக்கு ஸ்கேன் எடுக்கலாம். வெச்ச டாக்டர்கிட்டக் கேட்டுட்டு எடுக்கறேன்."

"எதுக்கு? எங்க ஊட்டு விசயத்தை ஜெகதளா பூராவும் சொல்றதுக்கா?"

அவன் முகம் சுருங்கியது. "நான் படம் எடுக்கறவனுங்க. கல்யாணத் தரகர் இல்ல."

இரண்டு நாள் வீம்பாக இருந்தாள். மூன்றாம் நாள் டீ டம்ளர் கையிலிருந்து தானாக நழுவியது. தரகர் வந்து என்னென்னவோ பேசிவிட்டுப் போனார். முதுகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை... அப்படியானால் அவன் சொல்லவில்லையா? அல்லது ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கிறானா?

பீரோவில் அம்மா புடவைகளுக்கு அடியில் ஒளித்திருந்த கார்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அவன் கருவி வைத்த டாக்டரிடம் கோயம்புத்தூருக்குப் பேசினான். எண்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தான். அங்கிருந்து வந்த ஆள் கம்பிகளைச் சோதித்து, கருவியை ஸ்கேனுக்கான நிலைக்கு மாற்றிய பிறகுதான் இலியாஸ் அவளைப் படுக்கச் சொன்னான். உள்ளங்கையில் ஒரு ரப்பர் பந்தை வைத்தான்.

"முதுகுல லேசா சூடு தெரிஞ்சாலும் அழுத்துங்க. ஓடி வந்துருவேன்."

நிஜமாக வருவானா?

மூன்றாவது நிமிடம் அழுத்தினாள்.

இரைச்சல் நின்றது. கதவு படாரென்று திறந்தது. வெளுத்துப்போய் நின்றான். "சுடுதுங்களா?"

"இல்லீங்க... வருவீங்களான்னு பாத்தேன்."

"உசுரே போச்சுங்க எனக்கு!" அந்தக் கண்கள்... நனைந்திருந்தன.

சந்தேகம் மெல்லக் கரைந்தது. "ஞாயித்துக்கெழம அவங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லிடப் போறேங்க."

"வேண்டாம்னு போயிட்டா?"

"போகட்டும். ஒளிச்சு ஒளிச்சு வாழ முடியாது."

அவன் பந்தை வாங்கி மறுபடி அவள் கையில் வைத்தான். விரல்கள் விலகத் தயங்கின. "அப்படிப் போயிட்டா... ஜெகதளாவுல இன்னொரு ஊடு இருக்குங்க. எங்க ஊடு. அங்க புதுசா சொல்றதுக்கு ஒண்ணுமேயில்ல. உங்க மாடல் நம்பர்கூட எனக்கு மனப்பாடம்..."

"பொய்தானே? எங்க, சொல்லுங்க பாக்கலாம்."

ஓர் எண்கூடப் பிசகாமல் சொல்லி முடித்தான்.

"சரிதானுங்களா?"

"பிடிச்சிருக்குங்க," என்றாள் ஷாயிஸ்தா.