சந்தனம் பூசிய ஆறு போல்ட்

“ஒண்ணே ஒண்ணு குடுங்க, போதும்.”

மழையில் நனைந்தபடி கடைக்குள் வந்தவன் உள்ளங்கையை விரித்தான். இரண்டு துண்டாக ஒடிந்த ஒரு போல்ட். கீதாஞ்சலி முதலில் போல்ட்டைத்தான் பார்த்தாள், அது தொழில். பிறகு அவன் கண்களைப் பார்த்தாள்... அது அவள் கெட்ட நேரம். அவன் இமையில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று யோசித்தபடி நின்றது.

‘விழுந்து தொலையேன்... நான் எப்படிப் பேசுவது?’ என்று துளியைத் திட்டிவிட்டுத் தொண்டையைச் செருமினாள்.

“எதுல இருந்ததுங்க இது?”

“ஜெனரேட்டருங்க. கிராங்க்ஷாஃப்ட் முனையில புல்லியைப் புடிச்சிருக்கற ஆறுல ஒண்ணு.”

“அப்ப ஆறையும் மாத்தோணும்.”

“ஒடஞ்சது ஒண்ணுதானுங்களே! வியாபாரம் நல்லாப் பண்றீங்க.”

சுருக்கென்றது அவளுக்கு. “மத்த அஞ்சையும் எடுங்க” என்றாள்.

பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொட்டினான். அதில் ஒன்றையும் புதிதில் ஒன்றையும் மேஜைக் கண்ணாடி மேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள்.

“பாருங்க. பழசு அரை மரை ஒசரமா நிக்குது. கழுத்து எளச்சுப் போச்சு. ஒண்ணு ஒடஞ்சதும் இதுகதான் அத்தனை பாரத்தையும் இழுத்திருக்குது. தலையில நெம்பரப் பாத்தீங்களா, பத்து புள்ளி ஒம்பது? அதுதான் இதோட பலம். இதே சைசுல கம்மி நெம்பர் எங்க வேணாக் கெடைக்கும். அதை மாட்டுனா நாளைக்கும் ரெண்டு துண்டா எடுத்துட்டு வருவீங்க.”

ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்த மெக்கானிக் வெள்ளையன் சிரித்தார். “அம்மிணிகிட்டப் பழசைக் காட்டாம புதுசு வாங்க முடியாது தம்பி. இந்தக் கடைச் சட்டம் அது.”

பல்லடம் ரோட்டில் அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடை அவளுடைய அப்பாவுடையது. அவருக்கு மூட்டு ஆபரேஷன் ஆனதிலிருந்து ஆறு மாதமாக இவள்தான் பார்த்துக்கொள்கிறாள். முதல் மாதம் வந்த மெக்கானிக்குகள் எல்லாம் “அப்பா இல்லீங்களா?” என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இப்போதுதான் ஒவ்வொருவராக அவளை நம்பி வருகிறார்கள். ‘சரக்கு சரியில்லை’ என்று ஒரு வாய் சொன்னால் போதும், அத்தனை பேரும் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள்.

வந்தவன் பெயர் தரணீதரன். அம்மாவோடு சேர்ந்து பனியன் கம்பெனி நடத்துகிறான். 2008-ம் வருஷத்துக் கரண்ட் கட், ஜெனரேட்டர் இல்லாவிட்டால் தையல் மிஷின் ஒன்றுகூட ஓடாது. குழந்தைச் சட்டைகள் சனிக்கிழமை லாரி ஏறியாக வேண்டும். வெள்ளையனோ, அன்று ஆயுத பூஜை என்பதால், கருவியெல்லாம் சாமி முன்னால் இருக்கிறது, நாளைக்கு எடுக்கும்வரை ஒரு ஸ்பேனரைத் தொட மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டார்.

“நானே மாட்டிக்கறேன்” என்றான் ரோஷமாக.

கீதாஞ்சலி இறுக்கத்தை அளந்து சொல்லும் தன் டார்க் ரெஞ்சை எடுத்து நீட்டினாள். “எத்தனை இறுக்கம்னு பொட்டி மேல எழுதியிருக்கேன். மொதச் சுத்துல பாதி, அடுத்த சுத்துல முழுசு. வரிசையாப் போகாதீங்க, எதிரெதிரா இறுக்குங்க. ‘டிக்’னு சத்தம் வந்தா நிறுத்திக்கோணும். ஆம்பளைங்கறதுக்காக இன்னொரு இழுப்பு இழுக்கக் கூடாது.”

“சரிங்க டீச்சர்” என்று சிரித்தான். இமையிலிருந்த துளி விழுந்தது... கூடவே இவளுக்குள்ளும் என்னவோ விழுந்தது.

மறுநாள் மத்தியானம், கடை நிறைய மெக்கானிக்குகள் நிற்கும்போது அதே கண்கள் சிவந்துபோய் வந்தன.

“டூப்ளிகேட் போல்ட்டத் தள்ளி விட்டுட்டீங்களே! ஒரு மணி நேரம் ஓடல... புல்லி ஆடுதுங்க!”

மெக்கானிக்குகள் எல்லாம் அவள் பக்கம் திரும்பினார்கள். கீதாஞ்சலிக்குக் கண் கரித்தது. ‘இவனுக்காகவா காலையில் மூன்று தரம் கண்ணாடி பார்த்தேன்?’ என்று மனசைக் குட்டினாள். அழுதால் அத்தோடு கடை போச்சு. புதிதாக ஆறு போல்ட்டைப் பையில் போட்டாள். ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

“வாங்க. என்ற கண்ணால பாக்காம நான் ஒத்துக்க மாட்டேன்.”

அவன் காருக்குப் பின்னால் ஸ்கூட்டி பறந்தது.

கம்பெனியில் தையல்காரர்கள் மிஷின் முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். தரணீதரனின் அம்மா பழனியம்மாள், வந்த பெண்ணுக்கு மோர் கொண்டுவந்தார். கீதாஞ்சலி ஒரு போல்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினாள். மரை இடுக்கெல்லாம் மஞ்சள்... நடுநடுவே சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனாள்.

“ஏனுங்க... இதுக்குப் பொட்டு வெச்சது யாருங்க?”

“நான்தான் கண்ணு!” பழனியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. “ஊட்டுக்கு வந்த புதுச் சாமானாச்சே. மஞ்சத் தண்ணியில குளிப்பாட்டி, மேலிருந்து கீழ வரைக்கும் சந்தனம் பூசிப் பூஜையில வெச்சேன். ஆறுக்கும் ஒரு கொறை வெக்கல.”

தரணீதரன் தூணைப் பார்த்தான். பிறகு கூரையைப் பார்த்தான்.

“சந்தனம் காஞ்சு மரையைக் கவ்வியிருக்குதுங்க” என்றாள் கீதாஞ்சலி. “அதனால போல்ட்டு முழுசா இறுகறதுக்கு முன்னாடியே ரெஞ்சு ‘டிக்’குனு சொல்லிருச்சு. இஞ்சின் ஓடி அதிரவும் சந்தனம் உதுந்து, போல்ட்டு தளந்து போச்சு.”

“அப்ப நான்தான் கெடுத்துப் போட்டனா?” பழனியம்மாளின் முகம் வாடியது.

“ஐயோ, இல்லீங்கம்மா. நீங்க நல்லதுதான் நெனச்சீங்க. தொடைக்காம மாட்டுனாங்க பாருங்க...” என்று இழுத்தாள். இரண்டு பேரும் அவனைப் பார்த்தார்கள்.

டீசல் துணியால் துளைகளைத் துடைத்துப் புது போல்ட்டுகளைப் போட்டாள். ஷாஃப்ட் சுற்றாமலிருக்கப் பின்பக்கம் ஒருவர் கம்பி கொடுத்து ஃப்ளைவீல் சக்கரத்தைப் பிடிக்க வேண்டும். தரணீதரன் பிடித்தான். அவள் எதிரெதிராக இறுக்கினாள். டிக்... டிக்... ஒவ்வொரு சத்தத்துக்கும் இஞ்சினுக்கு மேலே அவன் தலை எட்டிப் பார்த்தது.

“அந்தப் பக்கம் பாருங்க!”

“பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன்...”

ஜெனரேட்டர் உறுமியது. மிஷின்கள் ஒன்றாகத் தடதடத்தன. அவன் மெதுவாக, “மன்னிச்சுக்கோங்க” என்றான்.

“இங்க சொன்னாப் பத்தாதுங்க. எங்க பேரைக் கெடுத்தீங்களோ அங்க வந்து சொல்லுங்க. மெக்கானிக்குக எல்லாரும் இருக்கறப்ப.”

அவன் முகம் இறுகியது. அவள் திரும்பிப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினாள்.

வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. நடந்ததை அவளே சொன்னாள். மெக்கானிக்குகள் தலையாட்டிவிட்டு எதிர்க்கடைக்கு நடந்தார்கள். வெள்ளையன் மட்டும் டீயோடு உட்கார்ந்திருந்தார். “வருவான் அம்மிணி” என்றார். “வந்தா என்ன, வராட்டி என்ன?” என்றாள். ஆனால் ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் தலை தானாகத் திரும்பியது... சனியன் பிடித்த தலை!

சனிக்கிழமை மாலை. மறுபடியும் மழை. ரோட்டிலிருந்த எல்லாக் கடை மெக்கானிக்குகளும் அவளுடைய கடைக் கூரைக்குக் கீழே ஒதுங்கியிருந்த நேரம். அவன் வந்தான். நனைந்துகொண்டே நின்று சத்தமாகச் சொன்னான்.

“எல்லாரும் கேளுங்க. போல்ட்டுல ஒரு கொறையுமில்ல. பூஜைச் சந்தனத்தைத் தொடைக்காம மாட்டுன மடையன் நான். லாரி ஏறிப் போச்சு, இவங்க புண்ணியத்துல. நேத்தே வந்திருக்கோணும்... ரோசம் விடல.”

வெள்ளையன் வாயிலிருந்த டீ மேலெல்லாம் தெறித்தது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. கீதாஞ்சலி குனிந்துகொண்டாள். இரண்டு நாளாகத் தேக்கி வைத்த கண்ணீர் இப்போதுதானா வரவேண்டும்!

“இன்னொரு செட்டு போல்ட்டு குடுங்க” என்றான் அவன்.

“எதுக்குங்க? அது நல்லாத்தானே ஓடுது?”

“ஓடுதுங்க. ஆனா இங்க வர்றதுக்கு வேற சாக்குக் கெடைக்கலீங்களே...”

“பழசைக் காட்டாம புதுசு தர மாட்டேன்.”

சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தான். முதல் நாள் ஒடிந்த அதே இரண்டு துண்டுகள். “அன்னைக்கிருந்து இங்கயேதான் வெச்சிருக்கேன்... உங்களை எனக்குப் புடிச்சிருக்குதுங்க.”

மெக்கானிக்குகள் மழையை மறந்து நின்றார்கள். கீதாஞ்சலி அந்தத் துண்டுகளை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் பத்திரமாக வைத்துப் பூட்டினாள்.

“எனக்கும்... அந்த மழைத்துளி விழுந்தப்பவே” என்றாள்.

வெளியே கார் கதவு திறந்தது. சந்தனக் கிண்ணத்தை முந்தானைக்குள் நனையாமல் பொத்திக்கொண்டு பழனியம்மாள் ஓடிவந்தார்.

“பயப்படாத கண்ணு! இந்தத் தடவை நெத்தியில மட்டுந்தான் வெப்பேன்.”