கூட வந்தவர்

அஃப்ரின் கொண்டு வந்த தட்டில் மூன்று கிளாஸ் டீ இருந்தது. டீ குடிக்கிறவர்கள் காதர் பாட்சாவும் மனைவி ஜைனம்புவும்தான். மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே டீ ஆகாது.

"மூணாவது யாருக்கும்மா?"

"உங்ககூட வந்தவங்களுக்கு அத்தா. சீனி போடலாமா அவங்களுக்கு?"

கூட யாரும் வரவில்லை. பெரம்பலூரிலிருந்து லெப்பைக்குடிக்காடு வரை பஸ்ஸில் தனியாகத்தான் வந்தார். அத்தனை பேர் நின்றுகொண்டு வந்தும் பக்கத்து சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

ஆறு வருஷம் கழித்து வந்திருக்கிறார். வெளிநாட்டில் ஒரு துறைமுக ஊரில் அச்சகத்தில் வேலை. அந்த ஊரைப் பிடித்து வைத்திருந்த ராணுவத்துக்கு எதிராக நோட்டீஸ் அடித்தார்கள் என்று அவரையும், கூட வேலை பார்த்த வி.களத்தூர் முகமது அனஸையும் ஒரே கொட்டடியில் போட்டார்கள். போன மாசம் ராணுவம் ஊரைக் காலி செய்தது. சிறை திறந்தது. காதர் பாட்சா மட்டும் வெளியே வந்தார்.

மழை கட்டிக்கொண்டு நின்ற அந்தச் சாயங்காலத்தில், காயப்போட்ட மக்காச்சோளத்தைத் தெருவில் அவசரமாக வாரும் சத்தமும், கரண்ட் போனதால் ஓய்ந்துகொண்டிருந்த ஃபேனின் கிறீச்சும் கேட்க, அதோடு உள்ளறைப் பக்கமிருந்து ஈரச் சிமெண்டும் அழுக்குக் கம்பளியும் கலந்த வாடை ஒன்று மெல்ல வந்து அவர் மூக்கில் ஏறியது.

வந்தவர் எங்கே என்று மகளிடம் கேட்டார். அத்தா செருப்பைக் கழற்றும்போதே அவர் உள்ளறைக்குப் போய்விட்டதாகவும், முகத்தைத் துண்டால் மூடியிருந்ததாகவும், காய்ச்சல் போலிருக்கிறதென்று அம்மா போர்வை கொண்டு போனதாகவும் அஃப்ரின் சொன்னாள்.

"அம்மா இன்னும் வரலை அத்தா."

அப்போதுதான் அந்த மூச்சு கேட்டது. நீளமாக ஒரு இழுப்பு. பிறகு ஒன்றுமில்லை. மறுபடி ஒரு இழுப்பு. கடைசி வாரம் அனஸ் அப்படித்தான் மூச்சு விட்டான்.

அனஸ் இறந்ததை நாலு நாள் அவர் யாருக்கும் சொல்லவில்லை. காவலாளி கதவின் துவாரத்தில் டார்ச் அடிப்பான். உயிரோடு இருக்கிறவன் கையைத் தூக்க வேண்டும். அனஸைத் தன் தோளில் சாய்த்து, கம்பளிக்குள்ளிருந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவார். இரண்டு ரொட்டி விழும். இரண்டையும் அவரே தின்றார்.

மகளைத் தெருவுக்குப் போகச் சொன்னார். அவள் போகிற வரைக்கும் நின்றார். பிறகு நடந்தார்.

கதவு சாத்தியிருந்தது.

"ஜைனம்பு."

மூச்சுச் சத்தம் நின்றது.

"ஜைனம்பு, வெளிய வா."

கதவைத் தள்ளினார். இருட்டு. வாடை. சுவரோரம் ஒரே போர்வைக்குள் இரண்டு பேர்.

ஜைனம்புவின் தலை, பக்கத்தில் இருந்தவன் தோளில் சாய்ந்திருந்தது. கண் திறந்தபடி. இமைக்கவில்லை.

அவள் வலது கை மெல்ல மேலே எழுந்தது.

அவள் தூக்கவில்லை. அந்த மணிக்கட்டைச் சுற்றி, நகம் கறுத்த ஐந்து விரல்கள்.