காதில் விழாத எண்கள்

ரவ்தாவின் சித்தப்பா தவ்ஃபீக் போன குளிர்காலத்தில் மீன் பிடிக்கப் போனார். திரும்பி வரவில்லை. அவருடைய படகும் கிடைக்கவில்லை.

துனிசியாவின் கெர்க்கெனா தீவில் கடல் தெரியாத வீடு கிடையாது. துக்கம் கேட்க வந்தவர்கள் கடலைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி பேசிவிட்டுப் போனார்கள். ரவ்தா பாபா என்று கூப்பிடும் அவள் அப்பா ஹெதி மட்டும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"படகுல ரேடியோ வச்சிருந்தான். ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்ல? நான் இங்க கைரேடியோவை வச்சுக்கிட்டுக் கரையிலதானே உட்கார்ந்திருந்தேன்."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. அடுத்த வீட்டில் சித்தப்பாவின் மனைவி, சித்தி ஸகியா இருந்தாள். அவள் காதிலும் அது விழுந்திருக்கும்.

வெயில் காலம் வந்தது. பாபா மறுபடி கடலுக்குப் போகத் தயாரானார். ரேடியோ பொருத்தாமல் படகை அவிழ்க்கக் கூடாது என்று ரவ்தாவின் அம்மா, அவளுடைய உம்மி, கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ரேடியோ வந்தது. அதோடு வெள்ளை நிறத்தில் நீளமான ஒரு ஆன்டெனாவும் வந்தது.

அதை எங்கே பொருத்துவது என்று துறைமுகத்தில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். முன்பக்கம் வை என்றார் ஒருவர். படகின் நடுவில் இரும்பு அறை இருந்தது. அதன் கூரைக் கம்பத்தில், எல்லாவற்றுக்கும் மேலே வைக்கலாம் என்றான் மொங்கி. அவன் பாபாவோடு கடலுக்குப் போகிறவன். பாபாதான் ஊரிலேயே உயரமான ஆள், அவர் தலையில் கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்றார் வலை பின்னிக்கொண்டிருந்த கிழவர் ஒருவர்.

பாபா சிரிக்கவில்லை.

"தம்பி எங்க வச்சிருந்தானோ, அங்கதான்," என்றார்.

சித்தப்பாவின் படகும் இதே மாதிரிப் படகுதான். அவர் இரும்பு அறைக்குப் பின்னால், கடைசிக் கைப்பிடிக் கம்பியில் ஆன்டெனாவைப் பொருத்தியிருந்தார். பாபாவும் அதே இடத்தில், தன் கையாலேயே திருகி வைத்தார்.

மறுநாள் காலை ரவ்தாவும் உம்மியும் கைரேடியோவைச் சமையலறை ஜன்னலில் வைத்தார்கள். படகு போகப் போக பாபாவின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோலக் கேட்டது. உம்மி நிம்மதியாக மூச்சு விட்டாள்.

மதியம் ரேடியோ கரகரத்தது. பிறகு அதுவும் இல்லை. உம்மியின் கை பாத்திரத்தின் மேலேயே நின்றுவிட்டது. படகு துறைமுகத்துக்குள் நுழைந்த பிறகுதான் அந்தக் கை அசைந்தது.

வரும் வழியெல்லாம் கூப்பிட்டேனே என்றார் பாபா. மொங்கியும் சத்தியம் செய்தான். பேட்டரியை மாற்றிப் பார்த்தார்கள். ரவ்தா கைரேடியோவோடு மொட்டை மாடியில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். தினமும் அதே கதைதான். போகும்போது கேட்டது. வரும்போது, அவ்வளவு தூரத்திலிருந்து கேட்ட அதே குரல், கிட்டே வந்த பிறகும் கேட்கவில்லை.

ஒரு நாள் ரவ்தா கரையில் நின்று படகு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை ஆன்டெனா வெகுநேரம் அவள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. மதியம் அதே இடத்தில் நின்று, படகு வருவதைப் பார்த்தாள். இரும்பு அறை தெரிந்தது. ஆன்டெனா தெரியவில்லை. அது அறைக்குப் பின்னால் மறைந்திருந்தது.

அவள் வீட்டுக்கு ஓடிப்போய், இரும்பு அறைதான் பாபாவின் குரலை மறைக்கிறது என்று உம்மியிடம் சொன்னாள். உம்மி யோசித்தாள்.

"நீ சொல்றது சரியா இருக்கும். ஆனா அது உன் சித்தப்பா வச்ச இடம். உன் பாபா தாங்க மாட்டாரு."

அது ரவ்தாவுக்கும் தெரியும். இடம் தப்பு என்று சொன்னால் பாபாவுக்கு வலிக்கும். அவரே கண்டுபிடித்தால்? மறுநாள் காலை அவள் ஒரே ஒரு உதவிதான் கேட்டாள்.

"பாபா, தூரமா போனதும் படகை ஒரே இடத்துல வட்டமா ஒரு சுத்து சுத்துங்க. சுத்தி முடிக்கிறவரைக்கும் ஒண்ணு, ரெண்டுன்னு ரேடியோவுல எண்ணுங்க."

"எதுக்கும்மா?"

"எனக்கு எதெல்லாம் கேக்குதுன்னு பாக்கணும்."

மொங்கிக்குப் பன்னிரண்டுக்கு மேல் எண்ண வராது, அதனால் நானே எண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டு பாபா கிளம்பினார்.

படகு ஒரு புள்ளியானதும் குரல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ரவ்தா ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டாள். ஆறு வரை தெளிவாகக் கேட்டது. பிறகு வெறும் இரைச்சல். அப்புறம் பத்து, பதினொன்று, பன்னிரண்டு.

"பாபா, ஏழு, எட்டு, ஒன்பது கேக்கலை."

இன்னொரு முறை சுற்றினார். அதே மூன்று எண்கள் காதில் விழவில்லை.

"ஏழு, எட்டு, ஒன்பது சொல்லும்போது படகு எந்தப் பக்கம் பாத்துது, பாபா?"

ரேடியோவில் பாபா முணுமுணுத்தபடி மறுபடி எண்ணிப் பார்ப்பது கேட்டது.

"வீட்டைப் பாத்து," என்றார் பாபா.

அன்று அவர் வலை போடவே இல்லை. சீக்கிரமே திரும்பி வந்து, கரையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். ரவ்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அப்போ தவ்ஃபீக்..." என்று ஆரம்பித்தார்.

"சித்தப்பா கூப்பிட்டிருப்பாரு, பாபா. வீட்டுக்குத்தான் வந்துக்கிட்டு இருந்திருப்பாரு. அதான் நமக்குக் கேக்கலை."

பாபா தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். சித்தப்பா போன பிறகு அவர் அழுது ரவ்தா பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் பாபா எழுந்து, ஈரக் காலணியோடு நேராக ஸகியாவின் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். தம்பிமேல் கோபப்பட்டதையும் சொன்னார். ஸகியா கதவைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவர் கூப்பிட்டிருப்பாருன்னு எனக்குத் தெரியும். அதை உங்க வாயால ஒரு தடவை கேக்கணும்னு இருந்தேன்," என்றாள். அவரை உள்ளே வரச் சொல்லித் தேநீர் கொடுத்தாள்.

அடுத்த நாள் பாபாவே திருகாணிகளைக் கழற்றினார். மொங்கி இரும்பு அறையின் கூரையில் ஏறினான். எதுவும் மறைக்காத கம்ப உச்சியில் ஆன்டெனா நிமிர்ந்து நின்றது.

அன்று மதியம் உம்மியும் ஸகியாவும் ரவ்தாவும் சமையலறையில் காத்திருந்தார்கள். மூவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். ரேடியோ லேசாக இரைந்தது.

"ரவ்தா, வீட்டைப் பாத்துதான் வந்துக்கிட்டு இருக்கோம். கேக்குதா?"

"கேக்குது, பாபா. நல்லா கேக்குது."

அதற்குப் பிறகு எல்லாமே கேட்டது. எத்தனை ஆக்டோபஸ் கிடைத்தது என்பது கேட்டது. மொங்கி ரொட்டி மெல்லுவது கேட்டது. அவன் பாட ஆரம்பித்ததும் கேட்டது.

"அவனைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லு, காது வலிக்குது," என்றாள் ஸகியா. உம்மி சிரித்தாள்.

ஆனால் படகைக் கரையில் கட்டும்வரை அந்த ரேடியோவை யாரும் அணைக்கவில்லை.