கழுகு நப்பின்னையின் வலது கை

செங்குடியில் எந்த ஆட்டமும் முடிவை அறிவித்த பிறகுதான் தொடங்கும்.

"இன்று தெற்குக் கூடம் 71, வடக்குக் கூடம் 64" என்று ஒலிபெருக்கி சொல்லும். இரண்டு அணித் தலைவர்களும் கையெழுத்துப் போடுவார்கள். ஜெயிக்கப்போகிறவர்கள் தோற்கப்போகிறவர்களுக்கு ஆறுதல் சொல்வார்கள். அப்புறம் களத்தில் இறங்கி நாற்பது நிமிடம் வேர்க்க விறுவிறுக்கக் கூடைப்பந்து ஆடுவார்கள். 71-64 என்று முடியும். எப்போதாவது 71-63 என்று முடிந்துவிட்டால் மறுநாள் செய்தியில் வரும்.

எல்லாம் முன்கணிப்பான் செய்த வேலை. செங்குடி இருக்கும் செவ்வாய்க் கோளில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் காதுக்குப் பின்னால் துவரம்பருப்பு அளவில் பொருத்தப்படும் சில்லு அது. நுரையீரல் கோளாறை முன்கூட்டியே சொல்வதற்காக வந்தது. வந்த இடத்தில் சும்மா இருக்குமா? ஆட்டக்காரர்களின் நாடி, தசை, மூச்சு, தூக்கம் எல்லாவற்றையும் வாங்கிக் கலக்கி, யார் எத்தனை கூடை போடுவார் என்று காதில் ஓத ஆரம்பித்தது. முடிவு தெரிந்த ஆட்டத்தை யார் மெனக்கெட்டுப் போய்ப் பார்ப்பார்கள்? அன்றைய ஆட்டத்துக்குப் பதினோரு பேர் வந்திருந்தார்கள். நான்கு பேர் தூங்கினார்கள். ஒருவர் கூடத்தைப் பெருக்க வந்தவர்.

தெற்குக் கூடத்தின் தலைவி நப்பின்னைக்கு முப்பத்தோரு வயது, ஏழடி இரண்டு அங்குலம். பூமியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு ஈர்ப்பில் பிறந்து வளர்ந்தால் சிலருக்கு உடம்பு இப்படித்தான் கொடி மாதிரி மேலே போகும். பதினைந்து வருடமாக ஆடுகிறாள். அவளுக்கு இந்த ஆட்டம் பிடிக்கும், அவ்வளவுதான். "முடிவு தெரிஞ்சா என்ன? பந்து எப்பக் கைக்கு வரும்னு தெரியாதுல்ல" என்பாள்.

அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் குடியிருப்பு ஆட்சிக்குழு கூடைப்பந்துக் கழகத்தை மூடிவிட்டதாக அறிவித்தது. வருகிற கூட்டத்தை எண்ணி, அதையும் முன்கணிப்பான் காலையிலேயே சொல்லியிருந்தது.

வேலை போனதில் வருத்தம் இருந்தாலும், அவளை உண்மையில் உலுக்கியது தொண்ணூறு நாள் சட்டம். செங்குடியில் காற்றும் தண்ணீரும் அளந்துதான் கிடைக்கும். தொண்ணூறு நாள் வேலையில்லாமல் இருப்பவரைத் திரும்புகலத்தில் ஏற்றிப் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். நப்பின்னை பூமியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். அங்கே அவள் எலும்பு அவளையே தாங்காது. நிற்பதற்கு உடம்பில் எஃகுச் சட்டம் கட்ட வேண்டும், பாதி நாள் தண்ணீர்த் தொட்டியில் மிதக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் அன்று மாலையே மல்யுத்த மன்றத்துக்குப் போனாள்.

செங்குடியில் மூவாயிரம் பேர் கூடும் ஒரே இடம் அந்த மன்றம்தான். காரணம் எளிது. அங்கே எல்லாமே நாடகம். யார் ஜெயிப்பது, யார் துரோகம் செய்வது என்பதையெல்லாம் மன்றத்தின் தலைவர் சவரிமுத்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பென்சிலால் காகிதத்தில் எழுதுவார். வீரரின் நாடியைப் படிக்கும் சில்லால் சவரிமுத்துவின் பென்சிலைப் படிக்க முடியவில்லை. அவர் வீட்டில் சண்டை நடந்த நாட்களில் கெட்டவர்கள் ஜெயித்தார்கள். நேர்மையான ஆட்டத்தின் முடிவு ஊருக்கே தெரியும். பொய்ச் சண்டையின் முடிவுதான் யாருக்கும் தெரியாது. அதனால் ஜனங்கள் அங்கே போனார்கள்.

சவரிமுத்து அவளை அண்ணாந்து பார்த்தார். அவருடைய தாத்தா குலசேகரன்பட்டினத்தில் விண்கலம் ஏறி வந்தவர். பேச்சில் இன்னும் அந்தக் கரை இருந்தது.

"பேரு கழுகு நப்பின்னை. நீ கெட்டவ. சம்மதமா?"

"நான் ஏன் அண்ணாச்சி கெட்டவ?"

"நெட்டையா இருக்கவள அடிச்சா ஜனங்களுக்குப் பாவம்னு தோணாதும்மா. அதான்."

பயிற்சி கொடுக்க வந்தவள் ஜைனம்பு. மேடையில் 'சூறாவளி ஜைனம்பு', ஊரின் செல்லம், ஐந்தடி ஐந்து. செவ்வாயில் மனிதர்கள் மெதுவாக விழுவார்கள், தூக்கிப் போட்டால் இறகு மாதிரி இறங்குவார்கள் என்பதால் வீரர்கள் ஈயக் கச்சை கட்டிக்கொண்டு சண்டை போட வேண்டும். நப்பின்னை பத்து நாளில் விழக் கற்றாள். இருபது நாளில் கத்தவும் முறைக்கவும் கற்றாள். எதிலும் கைவைத்தால் முடித்துவிடுகிற ஆள் அவள்.

ஒன்று மட்டும் வரவில்லை. நடுவர் பார்க்காத நேரத்தில் ஜைனம்புவின் கண்ணில் குத்துவதுபோல் குத்த வேண்டும். குத்தினாள். குத்திய கையோடு வலது கையை நேராக மேலே தூக்கிவிட்டாள்.

ஜைனம்பு தரையில் கிடந்தபடியே கேட்டாள். "என்னக்கா, பாத்ரூம் போகணுமா?"

கூடைப்பந்துப் பழக்கம். ஃபவுல் செய்தவர் தானே கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். பூமியில் எப்போதோ கைவிட்ட வழக்கத்தைச் செங்குடிக் கழகம் விடாமல் வைத்திருந்தது. தூக்காதவருக்கு அடுத்த ஆட்டத்தில் இடமில்லை. பதினைந்து வருடத்தில் அந்தக் கை அவளைக் கேட்காமலே மேலே போய்வரக் கற்றிருந்தது. கச்சையோடு சேர்த்துக் கட்டிப் பார்த்தார்கள். கையில் ஈயக் காப்பு மாட்டிப் பார்த்தார்கள். காப்போடு போனது.

"குடியேற்ற நாள் அன்னைக்கு ஒரு சண்ட தாரேன்" என்றார் சவரிமுத்து. "அன்னைக்கும் கை போச்சுன்னா நீ கலத்துல ஏற வேண்டியதுதான், பாத்துக்கோ."

குடியேற்ற நாள் பிற்பகலில் மன்றம் நிரம்பி வழிந்தது. காகிதத்தில் இருந்தது இதுதான்: நடுவர் திரும்பி நிற்கும்போது நப்பின்னை நாற்காலியால் ஜைனம்புவை அடிக்கிறாள், நடுவர் கேட்டால் இல்லை என்று சாதிக்கிறாள், ஜெயிக்கிறாள், ஜனம் சபிக்கிறது. நப்பின்னை அடித்தாள். நல்ல அடி, பாதகமில்லாமல் ஓசை மட்டும் பெரிதாக. அடித்ததும் கை போய்விட்டது.

ஏழடி இரண்டு அங்குலத்துக்கு மேல் ஒரு முழுக் கை. கடைசி வரிசைக்கும் தெரிந்தது. நடுவருக்குப் பார்க்காதது போல் நிற்பதுதான் வேலை. அவர் செய்வதறியாமல் விழித்தார். இனி மறைத்துப் பயனில்லை.

"நான்தான் அடிச்சேன்" என்றாள்.

செங்குடியில் யாரும் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. மூவாயிரம் காதுகளுக்குப் பின்னால் மூவாயிரம் சில்லுகள் வாயடைத்துக் கிடந்தன. திரைக்குப் பின்னாலிருந்து சவரிமுத்து 'நடத்து, நடத்து' என்று கையை ஆட்டினார். அவள் ஒரு கையைத் தூக்கியபடியே மறு கையால் ஜைனம்புவைத் தரையோடு அழுத்தினாள். நடுவர் மூன்று எண்ணினார். அதற்குப் பிறகு எழுந்த கூச்சலில் மேல்கூரையின் தூசியெல்லாம் கீழே வந்தது.

தப்பைச் செய்கிறாள், ஒப்புக்கொள்கிறாள், ஜெயித்தும் விடுகிறாள். இப்படியொரு கெட்டவளை அவர்கள் கனவிலும் கண்டதில்லை. மறு வாரமே நப்பின்னைக்கு நிரந்தர இடம் கிடைத்தது.

ஊருக்கும் அந்தக் கை பிடித்துப்போயிற்று. பள்ளியில் காப்பியடித்த பிள்ளைகள் கை தூக்கினார்கள். நேரங்கழித்து வீட்டுக்கு வந்த கணவர்கள் வாசலிலேயே தூக்கினார்கள். ஏழாம் பிரிவில் வால்வை மாற்றித் திருகி ஆறு மணி நேரம் காற்றை நிறுத்திய வளி அதிகாரி, விசாரணையில் எழுந்து நின்று, கண் கலங்கக் கையைத் தூக்கினார். குழு எழுந்து கைதட்டியது. அதே வால்வு அவர் கையிலேயே இருந்தது.

ஐந்து மாதம் கழித்து ஒரு சண்டையில் ஜைனம்பு மூலைக் கம்பத்திலிருந்து பாய்ந்தாள். நப்பின்னை ஒதுங்கி விழ வேண்டும். ஆனால் மேலிருந்து ஏதாவது வந்தால் முழங்கையை விரித்துத் திரும்பி இடம் பிடிப்பதுதான் கூடைப்பந்துக்காரியின் உடம்புக்குத் தெரியும். முழங்கை ஜைனம்புவின் தோளில் இறங்கியது. குச்சி முறிவதுபோல் சத்தம் கேட்டது.

"அக்கா, நெசமாவே ஒடஞ்சிருச்சு" என்றாள் ஜைனம்பு. அவள் முகத்தில் நடிப்பு இல்லை.

நப்பின்னை இரண்டு கைகளையும் தூக்கி, "டாக்டரக் கூப்பிடுங்க" என்று அலறினாள். இரண்டு கைகளையும் பார்த்ததும் மன்றம் வெறிகொண்டது. மூவாயிரம் பேரும் எழுந்து கையைத் தூக்கினார்கள். முதல் வரிசையில் மன்றத்து மருத்துவரும் தூக்கிக்கொண்டுதான் நின்றார். நப்பின்னை ஜைனம்புவைத் தோளில் போட்டுக்கொண்டு தானே மருத்துவமனைக்கு நடந்தாள். வழிநெடுக ஆரவாரம்.

செவ்வாயில் தோளின் காறை எலும்பு ஒட்டுவதற்கு நான்கு மாதம் ஆகும். சட்டத்துக்கு மூன்று மாதம்தான் தெரியும். தொண்ணூற்றோராம் நாள் ஜைனம்புவுக்குக் கலத்தில் இருக்கை ஒதுக்கி ஓலை வந்தது. கொண்டுவந்த எழுத்தர் அழகாகக் கையைத் தூக்கினார்.

நப்பின்னை சவரிமுத்துவிடம் ஓடினாள்.

"நான் என்னம்மா செய்ய? சட்டம்லா" என்று அவரும் கையைத் தூக்கினார்.

"கைய இறக்குங்க அண்ணாச்சி" என்றாள். "கூடைப்பந்துல கை தூக்குறது மன்னிப்புக் கேக்க இல்ல. யாரு தப்புன்னு எழுதுறவருக்குத் தெரியணும், அதுக்கு. தூக்குன உடனே பந்து எதிராளி கைக்குப் போகும். ரெண்டு ஃப்ரீ த்ரோ. அஞ்சு தடவ தூக்குனா நான் வெளிய போய் உக்காரணும். நீங்க எல்லாரும் கைய மட்டும் எடுத்துக்கிட்டீங்க."

சவரிமுத்து யோசித்தார். "பந்த யாரும் கேக்கலியேம்மா."

அவள் பதிவகத்துக்குப் போய்ச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினாள். வேலையில் இருப்பவர் எவரும் தன் இடத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்து, அவருக்குப் பதிலாகக் கலம் ஏறலாம் என்று ஒரு வரி இருந்தது. சட்டம் வந்த முப்பத்தேழு வருடத்தில் அந்த வரியை யாரும் தொட்டதில்லை. படித்துவிட்டு நப்பின்னை வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். பயமாக இருந்தது. பூமியின் தண்ணீர்த் தொட்டி நினைவுக்கு வந்தது. ஜைனம்புவின் ஒட்டாத எலும்பை அதே தொட்டியில் வைத்து நினைத்துப் பார்த்தாள். எழுந்து போய்ப் படிவத்தில் கையெழுத்திட்டாள்.

கலத்துறையில் ஊரே கூடியது. சவரிமுத்துவின் எழுத்திலேயே இதுதான் உச்சம் என்று பேசிக்கொண்டார்கள். கயிறு கட்டிய ஒரு பெட்டியோடு நப்பின்னை படியேறினாள். ஜைனம்பு தோளில் கட்டோடு அழுதாள்.

"அக்கா, வேண்டாம். நான் போயிருவேன்."

"ஃபவுல் என்னுது. பந்து உன்னுது. போய் ஆடு."

கதவு மூடியது. மறு கதவு வழியாக அவள் வெளியே குதிப்பாள் என்று மூவாயிரம் பேரும் காத்திருந்தார்கள். கலம் மேலே போன பிறகும் கொஞ்சம் பேர் காத்திருந்தார்கள்.

தூத்துக்குடியில் திரும்பியோர் இல்லத்தில் நப்பின்னைக்கு எஃகுச் சட்டம் கட்டினார்கள். தொட்டி அவள் பயந்த அளவுக்கு மோசமில்லை. இரண்டாம் மாதம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி முற்றத்து வளையத்தில் பந்து எறிய ஆரம்பித்தாள். பூமியில் பந்து கல் மாதிரி விழுந்தது. முதல் நூறு எறிகளும் தப்பின. செங்குடியோடு தொடர்பு அறுந்த சில்லு காதுக்குப் பின்னால் ஊமையாகக் கிடந்தது. நூற்றோராவது எறி வளையத்துக்குள் விழுந்தபோது யாருமில்லாத முற்றத்தில் அவள் சத்தமாகச் சிரித்தாள். இங்கேயும் ஆடலாம் என்று தெரிந்துவிட்டது.

அந்த வாரம் ஜைனம்புவின் குரல்மடல் வந்தது. தோள் கூடிவிட்டது, மேடை ஏறிவிட்டேன் என்று ஆரம்பித்து, ஊர்க் கதைக்கு வந்தாள்.

"அக்கா, இப்ப யாரும் கை தூக்குறதில்ல. அது பழசாயிருச்சு. தப்பு செஞ்சவங்க பெட்டியோட கலத்துறைக்குப் போகணும், அதான் மரியாத. போன வாரம் வளி அதிகாரி மறுபடியும் காத்த நிறுத்திட்டாரு. கயிறு கட்டுன பெட்டியோட படியேறி, கதவு வரைக்கும் போயி, திரும்பி நின்னு கும்பிட்டாரு. நாங்க எல்லாரும் அழுதோம். நானும்தான். சாயங்காலம் பாத்தா வீட்டுல இடியாப்பம் சாப்பிட்டுட்டு இருக்காரு. வாசல்ல அந்தப் பெட்டி கெடந்துச்சு, இந்தத் தோளாலயே தூக்கிப் பாத்தேன்க்கா. உள்ள ஒண்ணுமே இல்ல."