களத்தில் ஊதிய மூச்சு

சேவலின் திறந்த கண் மேல் ஒரு கறுப்பு எறும்பு ஏறியது. அலகின் ஓரத்திலிருந்து புறப்பட்டு, கண்ணின் ஈரத்தில் கொஞ்சம் தயங்கி, மறுபக்கம் இறங்கிப் போயிற்று. சேவல் இமைக்கவில்லை. மஞ்சள் போட்ட வெந்நீரில் துணி நனைத்துக்கொண்டிருந்த விஜயதாஸ் சார் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி துணியைப் பிழிந்தார். ஜெயித்த சேவலிடம் குறை காணும் வழக்கம் அவருக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கேரளத்தின் பாறசாலைக்கும் தமிழ்நாட்டு எல்லைக்கும் நடுவே கால்வாயை ஒட்டிக் கிடக்கும் அந்த ஊரில், மத்தியானம் முழுக்கத் தூறிக்கொண்டிருந்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. வீட்டின் பின்பக்கத்து ரப்பர் மரங்கள் காற்று வரும்போதெல்லாம் இன்னொரு மழையை உதிர்த்தன. ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டைகளில் தேங்கிய ஒட்டுப்பாலின் அழுகல் நாற்றமும், ஈர மண்ணின் வாசனையும், கோழி ரத்தத்தின் வாடையும் ஒன்றாகக் கலந்து மரங்களுக்கிடையே அசையாமல் நின்றன. கரண்ட் போயிருந்தது. மரங்களுக்கு நடுவே உள்ள களத்தில் கோழிப்போர் பார்க்க வந்த கூட்டம் கட்டன்சாயாவுக்குக்கூட நிற்காமல் கலைந்துவிட்டது. மனைவி புஷ்பபாய் சபையின் பெண்கள் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். குடும்ப ஜெபத்துக்கு முன்னால் வந்துவிடுவாள்.

விஜயதாஸ் சார் மிருகாசுபத்திரியில் லைவ்ஸ்டாக் இன்ஸ்பெக்டர். பிராணிகள் மேல் அவருக்கு உயிர் என்று ஊரில் பேர். அந்தப் பேரைச் சம்பாதித்துக் கொடுத்தது அவருடைய வாய்தான், கை அல்ல. வாயில்லா ஜீவன்களைப் பற்றிப் பேசப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டால் வெள்ளை வேட்டி கட்டிப் போவார். இரக்கம் என்ற சொல் வரும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்வார். பசுவுக்கென்று வந்த சத்து ஊசி அதே வாரம் அவருடைய போர்ச்சேவல்களின் தொடையில் ஏறும்.

காலில் கத்தி கட்டிச் சேவல் விடுகிறவர்களைக் காட்டுமிராண்டிகள் என்பார். அவருடைய களத்தில் வெறுங்கால் சண்டை மட்டும்தான். கத்தி கட்டினால் சட்டென்று முடிந்துபோகும்; வெறுங்காலில் ஒரு மத்தியானம் முழுக்க நீளும். அந்த நீளத்துக்கு அவர் வைத்திருந்த பேர் கருணை.

"பிராய்லர் தின்னுகவன் எனக்கு உபதேசம் செய்யண்டாம்" என்பார். "எனக்க கோழி பாதாமும் ஈரலும் தின்னு வளந்ததாக்கும். சண்டை அதுக்க ரத்தத்தில உள்ளது. நாம சும்மா எடம் குடுக்கோம், அவ்வளவுதான்."

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார். ஒரு தடவை பிராணிவதையைத் தடுக்கப் போகிறோம் என்று சிலர் பேனரோடு கிளம்பி வந்து, கேட்டுக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்து, பிறகு உள்ளே வந்து கப்பக்கிழங்கும் கோழிக்கறியும் தின்றுவிட்டுப் போனார்கள். அந்த வட்டாரத்தின் இரக்கம் மொத்தமும் அவ்வளவே.

துணியால் கழுத்தைத் துடைத்தார். கொத்திக் கிழிந்த இடத்தில் எலும்பு தெரிந்தது. துணி பட்டால் எந்தச் சேவலும் கொஞ்சமாவது கழுத்தை இழுக்கும். இது இழுக்கவில்லை. கால்களை அகற்றி, தலையை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டு, களத்தின் நடுவே வைத்த இடத்திலேயே நின்றது. சண்டை முடிந்ததிலிருந்து அது உட்காரவே இல்லை. தண்ணீர் குடிக்கவும் இல்லை.

இன்றைக்கு எதிர்ச்சேவல் மோகனனுடையது. திருப்புறத்தில் வர்க்‌ஷாப் வைத்திருப்பவன்; அதிகம் பேசமாட்டான், அதனாலேயே சாருக்கு அவனைப் பிடிக்காது. சண்டைக்கு நடுவே இளைப்பாறல் உண்டு. அப்போது அவரவர் சேவலைத் தூக்கி, முகத்தில் தண்ணீர் தெளித்து, தொண்டையில் ரத்தம் கட்டியிருந்தால் சேவலின் தலையைத் தன் வாய்க்குள் வைத்து உறிஞ்சித் துப்புவார்கள். பிறகு அலகுக்குள் மூச்சை ஊதிக் கொடுப்பார்கள். ஊதியும் தலை நிமிராத சேவல் தோற்றது. சொந்தக்காரன் அதை எடுத்துக்கொண்டு களத்தை விட்டு இறங்க வேண்டும், ஜெயித்தவன் அதைக் கறிக்குக் கொண்டுபோவான். களத்துக்கு இருக்கும் ஒரே மரியாதை அதுதான்.

கடைசி இளைப்பாறலில் சாருடைய சேவல் நிமிரவில்லை. உறிஞ்சினார், கட்டிகட்டியாக வந்தது. ஊதினார், மார்பு எழும்பி அப்படியே அமுங்கியது.

"சாறே, அது செத்தாச்சு" என்றான் மோகனன். "எடுத்துட்டு எறங்கணும்."

"மயக்கமாக்கும். நீ போயி உனக்க வண்டியளை நோக்கு. கோழியை எனக்குத் தெரியும்."

அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. இறக்கைக்கு அடியில் வைத்த விரல் பொய் சொல்லாது. இன்சூரன்ஸுக்காக எத்தனையோ பசுக்களைச் செத்தவை என்று எழுதிக் கொடுத்த விரல். உள்ளே துடிப்பு இல்லை. ஆனாலும் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. வர்க்‌ஷாப்காரனிடம் தோற்று, செத்த கோழியை அவன் கையில் கொடுத்து அனுப்புவதா? சேவலின் தலையை மறுபடி வாய்க்குள் வைத்தார். அடிவயிற்றிலிருந்து, நெஞ்சுக்கூட்டின் மூலை முடுக்கிலிருந்து, இருந்த மூச்சு முழுவதையும் திரட்டி உள்ளே ஊதினார். ஊதி முடித்தபோது கண் இருண்டது. அவர் கையில் சேவல் கால் உதறியது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது. சத்தமில்லாமல் போயிற்று அது. மோகனனின் சேவல் ஓடியது, சாருடையது துரத்தியது. அது படுத்தது, இது கொத்தியது. செத்த பிறகும் கொத்தியது. யாரும் கைதட்டவில்லை.

"செத்ததைச் சண்டைக்கு விடப்பிடாது சாறே" என்றான் மோகனன், தோற்ற சேவலை அடுக்களைப் படியில் போட்டுவிட்டு ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டே. "உசிரு உள்ளதுக்காக்கும் களம்."

"தோத்தவனுக்கு வாய் நீளம்" என்றார் சார். அப்போதே அந்த வாக்கியத்தை இடையில் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

இப்போதும் வாங்கியது. வெந்நீர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுக்களைப் படி ஏறுவதற்குள் நின்றுவிட்டார். மழை ஈரம், சளி, வயசு என்று காரணங்களை வரிசையாக எடுத்துப் போட்டார். மனிதனுக்குத் தன்னைத் தேற்றிக்கொள்ள எத்தனை காரணம் வேண்டுமானாலும் கிடைக்கும். படியில் உட்கார்ந்து களத்தைப் பார்த்தார். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது, ரப்பர் மரங்களின் நிழல்கள் மண்ணில் இறங்கி ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டிருந்தன. நடுவே சேவல். அதன் மார்பு மெதுவாக எழும்பிற்று, மெதுவாக இறங்கிற்று. அப்பாடா என்றிருந்தது. சாகவில்லை, மூச்சு இருக்கிறது.

பிறகுதான் கவனித்தார். அது எழும்பும்போது அவருடைய மார்பு எழும்பவில்லை. அது இறங்கிய பிறகுதான், மிச்சம் மீதி மாதிரி, அவருக்குக் கொஞ்சம் கிடைத்தது.

சும்மா தோன்றுவது என்று நினைத்து, வேண்டுமென்றே அது எழும்பும் நேரத்தில் மூச்சை இழுத்துப் பார்த்தார். வாய் திறந்தது. மூக்கு விரிந்தது. ஒன்றும் உள்ளே போகவில்லை. அடைத்த குழாயை உறிஞ்சுவது போல் இருந்தது. சேவலின் மார்பு நிறைந்து, அங்கேயே நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அவருடைய காதுக்குள் இரைச்சல் ஏறியது, நகக்கண்கள் குளிர்ந்தன. அது விட்டது. அவருக்குக் கொஞ்சம் வந்தது.

கோழிதானே என்று நினைத்தார். அந்த நேரத்திலும் அவருக்கு அப்படித்தான் நினைக்கத் தோன்றியது. வெறும் கோழி.

சட்டைப்பையில் போன் அடித்தது. புஷ்பபாய்.

"நான் எறங்கியாச்சு. முக்கில வந்துட்டேன். கோழியை உரிச்சு வச்சா போரும், நான் வந்து மசாலா அரைக்கேன். கேக்குதா?"

வராதே என்று சொல்ல வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. நாக்கு அசைந்தது. சத்தத்துக்கு வேண்டிய காற்று இல்லை.

"கேக்குதா?"

"கேக்குது" என்றது அவருடைய குரல். களத்திலிருந்து.

"ஆங், சரி" என்று அவள் போனை வைத்தாள்.

அவருடைய குரலேதான். பள்ளிக்கூட மேடைகளில் குழையும் குரல், அதிலிருந்த லேசான கரகரப்புகூட அப்படியே இருந்தது. சேவல் அலகைத் திறந்ததாகத் தெரியவில்லை. தொங்கிய தலை தொங்கியபடியே இருந்தது. விஜயதாஸுக்கு முதல் தடவையாக உடம்பு முழுவதும் பயம் பிடித்தது. தனக்காக மட்டும் அல்ல என்பதுதான் அதிசயம். சாலை முக்கிலிருந்து வீடு கொஞ்ச தூரம்தான். அவள் வருவதற்குள் முடிக்க வேண்டும். கொடுத்ததைத் திருப்பி வாங்க வேண்டும்.

அடுக்களையில் கறிக்கத்தி கைக்கு அகப்பட்டது. அலமாரியைப் பிடித்து, கதவைப் பிடித்து, படியைப் பிடித்து இறங்கினார். கிடைத்த மூச்சுக்கு ஓர் அடி. மூச்சு நின்றால் நின்றார். அது கொடுத்தால் நடந்தார். களத்துக்குள் முட்டி போட்டு விழுந்து, சேவலின் கழுத்தைப் பிடித்தார். உடம்பு குளிர்ந்திருந்தது. விறைத்தும் இருந்தது. மார்பு மட்டும் உள்ளங்கைக்கு அடியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அறுத்தார்.

ரத்தம் வரவில்லை. அறுபட்ட துளையிலிருந்து காற்று சீறியது. சூடான காற்று. வெற்றிலைபாக்கு வாசனை அடிக்கும் காற்று. மத்தியானம் அவர் போட்ட வெற்றிலை.

தன்னுடைய மூச்சு வெளியே போய்க்கொண்டிருப்பது புரிந்ததும் கத்தியை எறிந்தார். துளையின் மேல் வாயை வைத்தார். உறிஞ்சினார். எப்போதும் உறிஞ்சுவதுபோல, கன்னம் ஒடுங்க உறிஞ்சினார். கட்டிகள் வந்தன. சிறகு வந்தது. மண் வந்தது. மூச்சு வரவில்லை.

உறிஞ்ச உறிஞ்ச, அவரிடம் மிச்சம் இருந்ததும் போயிற்று.

நெஞ்சு அசையவில்லை.

காத்திருந்தார். இப்போது வரும். இப்போது.

வரவில்லை.

ஆனால் சாகவும் இல்லை. முட்டியிலிருந்து உடம்பு தானாக எழுந்தது. கால்கள் அகன்று நின்றன. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நிமிர்த்தப் பார்த்தார். முடியவில்லை. அவருடைய கையிலிருந்து நழுவிய சேவல் மண்ணைக் கீறிக்கொண்டு, அவசரமில்லாமல், வீட்டுப் பக்கம் நடந்தது.

முன்பக்கத்துக் கேட் திறக்கும் சத்தம். செருப்பைக் கழற்றும் சத்தம். பிறகு அவள் குரல், வீட்டுக்குள்ளிருந்து.

"கரண்டு இல்லியா? எங்க நிக்கிய?"

"பின்னால" என்றது சேவல், அடுக்களைப் படி ஏறிக்கொண்டே. "இந்தா வாறேன்."

"ஏன் மூச்சு எரைக்குது? மழை நனைஞ்சியளா?"

"ஒண்ணும் இல்ல. நீ மெழுகுதிரி கொளுத்து. ஜெபம் பண்ணிட்டு உரிக்கலாம்."

புஷ்பம், திரும்பிப் பார்க்காதே. ஓடு. மனசுக்குள் கத்தினார். மனசுக்குள் கத்துவதற்கு மூச்சு வேண்டாம். அது யாருக்கும் கேட்பதும் இல்லை.

அடுக்களைக் கதவு திறந்தபடி கிடந்தது. உள்ளே நடக்கும் சின்னச் சத்தம், நகங்கள் டைல்ஸில் தட்டுகிற சத்தம், பக்கத்து அறைக்குள் தேய்ந்தது. ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம் எழும்பியது. திரைச்சீலையில் புஷ்பபாயின் நிழல் விழுந்தது. சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டாள். கைகூப்பினாள். எப்போதும் செய்வதுபோல, கண்ணை மூடுவதற்காகத் தலையைக் குனிந்தாள்.

அவள் பக்கத்தில் அவருடைய நாற்காலி. ஒரு படபடப்பு. நாற்காலியின் முதுகில் இன்னொரு நிழல் ஏறி நின்றது. அறுபட்ட கழுத்தில் தலை பக்கவாட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

"எங்களுக்கு ஜீவனையும் சுவாசத்தையும் தந்த ஆண்டவரே" என்று அவருடைய குரல் குழைந்தது. "உமக்கு ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்" என்றாள் புஷ்பபாய்.

களத்தின் நடுவே, சாய்ந்த தலையோடு விஜயதாஸ் நின்றார். ஜெபம் நீண்டது. வாயில்லா ஜீவன்களுக்காக ஜெபித்தது. தோற்றவர்களுக்காக ஜெபித்தது. ஒவ்வொரு வரிக்கும் அந்த நிழல் அவள் தலைப்பக்கம் இன்னும் கொஞ்சம் குனிந்தது. பிறகு, அவள் ஆமென் சொல்வதற்காக ஜெபத்தின் கடைசியில் அவர் எப்போதும் விடும் இடைவெளி வந்தது.

"ஆமென்" என்றாள் புஷ்பபாய். அவளுடைய நிழல் தலை நிமிர்ந்து, நாற்காலிப் பக்கம் திரும்பியது.