வாளிக்குள் ஆள் இருக்காங்க

ரிஃபானாவுக்கு வந்த கோபத்தில் மதியச் சாப்பாடு இறங்கவில்லை. யாருக்குத்தான் இறங்கும்? வேப்பமரத்தடித் தொட்டியில் சோப்புத்தூளைக் கொட்டியிருக்கிறார்கள்.

நாளை பள்ளிக்கு அதிகாரி வருகிறாராம். அதிகாரி வந்தால் போதும், இவர்கள் வேப்பமரத்தைக்கூடக் கழுவி விடுவார்கள். தொட்டியில் பாசி பிடித்திருக்கிறது என்று விமலாராணி மிஸ் சொன்னார். உடனே கிறிஸ்டோ ஒரு பாக்கெட்டை அப்படியே கவிழ்த்துவிட்டான்.

அந்தத் தண்ணீரின் மேல் நீளக்கால் பூச்சிகள் உண்டு. நேற்றுவரை மூழ்காமல் ஓடித் திரிந்தவை, இன்று ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டிருந்தன.

“ஏன்டா இப்படிப் பண்ணிப்போட்டே?”

“மிஸ் சொன்னாங்க, செஞ்சுபோட்டேன். சுத்தமாயிரும்ல?”

“சுத்தமா? கீழ பாரு.”

கிறிஸ்டோ எட்டிப் பார்த்தான். அவன் முகம் சுண்டிப்போனது. “எனக்குத் தெரியாது ரிஃபானா.”

இருவரும் டிபன் மூடியால் பூச்சிகளை அள்ளினார்கள். விடுவதற்கு நல்ல தண்ணீர் வேண்டுமே. குழாயில் சிறுவாணித் தண்ணீர் நாளை மாலைதான் வரும். ரிஃபானா தன் பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றிப் பூச்சிகளை அலசினாள். மீதியை ஒரு சிவப்பு வாளியில் கவிழ்த்தாள். கிறிஸ்டோ ஓடிப்போய் ஆறாம் வகுப்பு மொத்தத்தையும் பாட்டிலோடு கூட்டி வந்தான்.

சத்தம் கேட்டு மிஸ் வந்தார். “குடிக்கிற தண்ணியை எதுக்கு அம்மணி கொட்டறீங்க? பூச்சிதானே.”

பூச்சிதானே என்ற அந்த வார்த்தைதான் ரிஃபானாவுக்குத் தாங்கவில்லை.

தலைத்துணியில் குத்தியிருந்த குண்டூசியைக் கழற்றினாள். வேறொரு மூடியில் நல்ல தண்ணீர் ஊற்றி, ஊசியை மெதுவாகப் படுக்க வைத்தாள். ஊசி மிதந்தது. “கிறிஸ்டோ, உன் சோப்பு விரலை இதுல வையி.” அவன் வைத்தான். ஊசி மூழ்கியது.

“போன வாரம் நீங்கதானுங்க மிஸ் சொல்லிக் குடுத்தீங்க? தண்ணியோட மூலக்கூறெல்லாம் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்குது, அதுதான் ஹைட்ரஜன் பிணைப்புன்னு. அந்தப் பிடியாலதான் பூச்சி தண்ணி மேல ஓடுது, வேர்ல இருந்து மரத்து உச்சிக்குத் தண்ணி ஏறுதுன்னு. எங்களை மூணு தடவை எழுத வெச்சீங்க. இப்பச் சோப்பைப் போட்டு நீங்களே அந்தப் பிடியைத் தளர்த்திட்டீங்க. இது நியாயமாங்க?”

மிஸ் மூடிக்குள் கிடந்த ஊசியையே பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து தன் பாட்டிலை எடுத்தார்.

“என்னுதையும் ஊத்திக்க, கண்ணு. தப்பு என்னுதுதான்.”

வாளி நிறைந்தது. பூச்சிகளின் கால் உலர்ந்ததும் அவற்றை ஒவ்வொன்றாக அதில் விட்டார்கள். சில அசையவில்லை. கிறிஸ்டோ அழுதேவிட்டான். மற்றவை தயங்கித் தயங்கி ஓடத் தொடங்கின.

மறுநாள் அதிகாரி வந்தார். பள்ளிக்கூடம் பளபளவென்று இருந்தது. அலுவலக வாசலில் மட்டும், நிழலில், அந்தப் பழைய சிவப்பு வாளி.

“இதை எடுத்து ஓரமா வைக்கக் கூடாதா?” என்று அதிகாரி அதன் பிடியில் கை வைத்தார்.

ரிஃபானா வாயைத் திறப்பதற்குள் விமலாராணி மிஸ் முந்திக்கொண்டார்.

“ஆட்டாதீங்க சார். உள்ள ஆள் இருக்காங்க.”