பட்டினித் தொட்டி

ஆயுத பூஜை லீவு முடிந்து வந்த காலையில், செல்வலட்சுமி தொட்டியின் மேல் கை வைத்தாள். சூடாக இருந்தது.

சூடாக இருக்கக் கூடாது. ஒரகடத்து அந்தக் கம்பெனியில் தொட்டியை வடித்து, மெயின் சுவிட்சை அணைத்து நாலு நாளாகிறது. இரண்டு ஆள் உயர எஃகுத் தொட்டி அது. அதற்குள் வளர்த்தது என்னவோ ரொட்டியை உப்ப வைக்கிற ஈஸ்ட்தான். ஆனால் அதன் மரபணுவை ஆய்வகத்தில் மாற்றி எழுதி, மனிதத் தோலில் இருக்கும் புரதத்தைச் சுரக்கப் பழக்கியிருந்தார்கள். தீக்காயத்தில் ஒட்டுகிற செயற்கைத் தோலுக்காக. 2012-ல் இதெல்லாம் புதுசு, எல்லோருக்கும் பெருமை. அது தப்பித்து வெளியே போய்விட்டால்? விஞ்ஞானி ரத்னா அதற்கும் ஒரு பூட்டுப் போட்டிருந்தாள். லைசின் என்கிற சத்தை நாம் ஊட்டினால்தான் அது பிழைக்கும். நிறுத்தினால் இரண்டே நாளில் செத்துவிடும். "பட்டினிதான் பூட்டு" என்று பயிற்சி வகுப்பில் சொல்லிச் சிரித்தாள்.

செத்தது எப்படிச் சுடும்?

"வெயில் சூடும்மா அது. தகரக் கூரை இல்ல?" என்றார் சூப்பர்வைசர் ரகுபதி. "சும்மா பயந்துகினு நிக்காத. தங்கச்சிய உள்ள எறக்கு. மத்தியானம் அடுத்த லோடு ஏத்தணும்."

செல்வலட்சுமி தொட்டியை மறுபடி தொட்டுப் பார்த்தாள். இசக்கிசெல்வி அதற்குள் இடுப்பில் கயிற்றைக் கட்டி, பிரஷ்ஷோடு மேல் மூடி வழியாக இறங்கிவிட்டாள். தங்கையை நாங்குநேரியிலிருந்து கூட்டி வந்து இங்கே சேர்த்துவிட்டதே செல்வலட்சுமிதான்.

தொட்டி வாயை ஒட்டிய மேடையில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிரஷ் தேய்க்கிற சத்தம் எஃகுக்குள் சரக் சரக்கென்று உருண்டு அவள் பாதம் வரை அதிர்ந்தது. மூடி வாயிலிருந்து புளித்த வாடைக்குப் பதிலாக, குளிப்பாட்டித் துடைத்த பச்சைப் பிள்ளையின் உச்சந்தலை வாடை வந்தது. அந்த வாடை தனக்குப் பிடித்திருப்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"எக்கா, சுவரெல்லாம் மெத்துனு இருக்கு. சாகலையோ?"

"என்னட்டி சொல்லுத?"

"பூஜையன்னைக்கு எல்லா மிஷினுக்கும் பொட்டு வச்சுப் படைச்சோம்லா. இது மட்டும் பட்டினியால்லா கெடக்கு, பாவம்னு, மூடுறதுக்கு முன்னால பொரிகடலை ரெண்டு கை அள்ளிப் போட்டேன்."

லைசின் எதிலெல்லாம் இருக்கிறது என்று ரத்னா பலகையில் எழுதிப் போட்டிருந்தாள். கடலை. பருப்பு. கறி.

"மேல வாட்டி! இப்பமே!"

பிரஷ் சத்தம் நின்றது.

அலறல். கயிறு விறைத்தது. செல்வலட்சுமி இழுத்தாள். கீழே தங்கையின் முகம் தெரிந்தது. சுவரிலிருந்து உரிந்து வந்த வெள்ளைத் தோல் அவள் தோளை மூடி, கழுத்தை மூடி, மூடிய இடமெல்லாம் அடியில் சிவப்பாக ஊறிக்கொண்டிருந்தது. ஒரு கை மேலே நீண்டது. விரல்களில் சதை இல்லை.

ரகுபதி ஓடி வந்தார். எட்டிப் பார்த்தார். தொட்டிக்குள் கொதியாவி விட்டுக் கிருமியைக் கொல்கிற நீராவிக் குழாயின் வால்வில் கை வைத்தார்.

"சார், உள்ள என் தங்கச்சி!"

"அது வெளிய வந்தா இன்னா ஆவும் தெரியுமா?"

திறந்தார். தொட்டி சீறியது.

ஸ்பேனர் அவள் கைக்கு எப்படி வந்ததோ. அடித்தாள். மண்டை உடைகிற சத்தம் கேட்டது. மறுபடி அடித்தாள். விழுந்தவர் மேலும் அடித்தாள். வால்வை மூடினாள். கயிற்றை இழுத்தாள்.

லேசாக வந்தது.

நீல யூனிபார்ம் மூடி வாயைத் தாண்டி மேடையில் சரிந்தது. உள்ளே எலும்பு எதுவும் தட்டவில்லை. ஆனாலும் உடுப்பு நிறைந்திருந்தது. ஏறி இறங்கியது. காலர் வழியாக வெள்ளையாக ஒன்று பிதுங்கியது. சட்டைக் கை இரண்டையும் ஊன்றி, ரகுபதியின் ரத்தத்தை நோக்கித் தவழத் தொடங்கியது.

"இசக்கி?" என்றாள் செல்வலட்சுமி.

அது நின்றது. அவள் பக்கம் திரும்பியது.